வெறும்

ஒன்பது குப்பிகள், குப்பிக்கு ஐந்து நிமிஷம். முக்கால் மணி நேரம் இந்த ஸ்டூலை விட்டு எழுந்திருப்பதில்லை என்று அமலோற்பவம் உட்கார்ந்துவிட்டாள். கதிரியக்கத்தை எண்ணுகிற இயந்திரத்துக்காகத்தான் துறையில் இந்த ஓர் அறைக்கு மட்டும் ஏ.சி. போட்டிருந்தார்கள், மனுஷர்கள் மதுரை வெயிலில் வெந்தால் யாருக்கும் ஒன்றுமில்லை, இயந்திரத்துக்கு வியர்க்கக் கூடாது. புடவைத் தலைப்பை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். உள்ளே சங்கிலி நகர்ந்து முதல் குப்பி ஒரு முனகலோடு இறங்கியது. மணி இரண்டரை. இன்னும் சாப்பிடவில்லை. பையில் எலுமிச்சம்பழச் சோறு இருக்கிறது, இருக்கட்டும். முதல் மூன்று குப்பிகளைப் பற்றிக் கவலை இல்லை, அவை எப்போதும் போல நானூற்றுக்குப் பக்கத்தில் வரும். கடைசி மூன்றும் எப்போதும் போல ஆயிரத்துக்கு மேலே போகும். நடுவில் இருக்கிற மூன்று இருக்கிறதே, நாலு, ஐந்து, ஆறு, அவை நானூற்றில் நின்றால் திங்கட்கிழமை ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம், அவளும் டாக்டர் ஆகலாம். ஆயிரத்துக்கு ஏறிவிட்டால் ஐந்து வருஷம் போச்சு. பைண்டிங் கடையில் சிவப்பு அட்டை போட்டுத் தங்க எழுத்து அடித்த ஐந்து பிரதிகளும் போச்சு. காலையில் பார்த்த சாக்பீஸ் டப்பாவைப் பற்றி இப்போது யோசிக்கக் கூடாது. குப்பியைப் பற்றி யோசி.

வெறும் என்கிற இந்தச் சொல்தான் எல்லாவற்றுக்கும் காரணம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்து கொடுக்காமல் வைத்துக்கொள்கிற எலியையும் குழாயையும் ஊரெல்லாம் கண்ட்ரோல் என்று சொல்லும். இந்த ஆய்வகத்தில் மட்டும் எந்தக் காலத்திலோ யாரோ வெறும் என்று ஆரம்பித்துவைத்து, அவளுடைய கைடு நீலமேகம் சார் வரைக்கும் அதுவே வாயில் வருகிறது. வெறும் எலி, வெறும் குழாய், வெறும்ல எவ்வளவும்மா வந்துச்சு. எலி விஷயத்தில் அந்தச் சொல் ஏமாற்றவில்லை. ஆண் ஹார்மோன் தண்ணீரில் கரையாது, நல்லெண்ணெயில் கலந்துதான் எலிக்கு ஊசி போட வேண்டும். ஆகையால் வெறும் எலிக்கும் ஹார்மோன் இல்லாத நல்லெண்ணெய் ஊசி உண்டு. எண்ணெயால் வந்த மாற்றத்தை ஹார்மோனால் வந்தது என்று நினைத்துவிடக் கூடாதல்லவா. ஆனால் குழாய்களுக்கு எண்ணெய் ஆகாது, ஆல்கஹாலில் கரைத்து ஒரு துளி விட வேண்டும். அப்படியானால் வெறும் குழாயிலும் ஹார்மோன் இல்லாத ஆல்கஹால் ஒரு துளி விட்டிருக்க வேண்டும். விடவில்லை. ஐந்து வருஷமாக விடவில்லை. வெறும் என்றால் வெறும்தானே என்று கை அதன்பாட்டுக்குத் தாண்டிப் போயிருக்கிறது. ஆல்கஹால் வேறு ஸ்டோரில் பூட்டு சாவிக்குள் இருக்கும். வெளியே விட்டால் ராத்திரியோடு ராத்திரியாக யாராவது சர்பத்தில் கலந்து குடித்துவிடுகிறார்கள் என்று ஒவ்வொரு சொட்டுக்கும் கையெழுத்து. மிச்சம் பிடிக்கிற புத்தியும் சேர்ந்துகொண்டது. போன செவ்வாய்க்கிழமை எலிக்கூடத்தில் ஒச்சப்பன் எலியின் கழுத்தைப் பிடித்து நீட்டிக்கொண்டே சும்மா கேட்டார், "ஏம்மா, வெறும் எலிக்கே எண்ணெய் குத்துறோம். வெறும் குழாயிக்கு ஒண்ணும் கெடையாதா? அது என்ன பாவம் பண்ணுச்சு?" இருபது வருஷமாக எலிக்குத் தீவனம் போடுகிறவர், எட்டாவது தாண்டாதவர். அவள் சிரித்தாள். ஊசி கையில் அப்படியே நின்றுவிட்டது. இன்றைக்கு முதல் மூன்று குப்பியில் பழைய வெறும், கடைசி மூன்றில் ஹார்மோன் கரைத்த ஆல்கஹால், நடு மூன்றில் ஆல்கஹால் மட்டும்.

அச்சுப் பொறி கடகடவென்று காகித நாடாவைத் தள்ளியது. நானூற்றுப் பன்னிரண்டு. சரி. நல்ல பிள்ளை.

பிள்ளை என்றதும் ரெஜினா அத்தை ஞாபகம் வந்து தொலைத்தது. இந்த ஆராய்ச்சியை ஒரு கல்யாண வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? ஆண் எலியின் புராஸ்டேட் சுரப்பியை அறுத்தெடுத்து, அரைத்து, வடிகட்டி, கெட்டியான சர்க்கரைப் பாகில் வேகமாகச் சுற்றவிட்டால் செல்லில் உள்ள மற்றதெல்லாம் மேலே நின்றுவிடும், செல்லின் கருக்கள் மட்டும் அடியில் வெள்ளையாக ஒரு பொட்டு மாதிரி படியும். ஐந்து எலிக்கு ஒரு பொட்டு. அந்தக் கருக்களைத் தனியாகக் குழாயில் வைத்து, ஹார்மோனைச் சேர்த்து, அவை சுறுசுறுப்பாகின்றனவா என்று பார்ப்பது. கூடவே விட்ட கதிரியக்கப் பொருள் கருக்களில் அதிகம் ஏறினால் அதிகம் வேலை செய்கின்றன என்று அர்த்தம். உடம்பு இல்லாமல், ரத்தம் இல்லாமல், செல்லின் மற்ற பாகங்கள் எதுவும் இல்லாமல், ஹார்மோன் நேராகக் கருவையே தொட்டு எழுப்புகிறது. இதுதான் நீலமேகம் சாரின் கொள்கை, அடுத்த மாசம் வெளிநாட்டில் ஒரு மாநாட்டில் அவர் இதைத்தான் பேசப் போகிறார். அப்பா ஊரில் எல்லாரிடமும் "எம் பொண்ணு நியூக்ளியஸ்ல ஆராய்ச்சி பண்ணுதா" என்று மட்டும் சொல்லிவைத்தார். அது மரியாதையாக இருந்தது. பாளையங்கோட்டையில் பாதிப் பேர் அவள் அணுகுண்டு செய்கிறாள் என்றே நம்பினார்கள். அத்தைக்கு மட்டும் யாரோ தமிழில் விளக்கிவிட்டார்கள். "முப்பத்தொண்ணு வயசாவுது, இவ என்னன்னா கருவ டியூப்புல வச்சுக் கொஞ்சிக்கிட்டு இருக்கா" என்று பந்தியில் சொன்னாள், நாலு பேர் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அப்பாவுக்குச் சிரிப்பு வராது அப்போதெல்லாம். முன்னூற்றுத் தொண்ணூற்றெட்டு. இரண்டாவதும் ஒழுங்கு.

அப்பா, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் சூசைமாணிக்கம், கணக்கு வாத்தியார். அவர் வாயில் வெறும் என்பது வேறு சொல். வெறும்பய. பாடம் வராத பையன் வெறும்பய, சில்லறை தவறவிட்ட கண்டக்டர் வெறும்பய, உப்புக் கூடினால் அம்மா வெறுங்கழுதை. அமலோற்பவம் கல்லூரி விடுதியிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் திரும்பி வரும், சிவப்பு மையில் பிழை திருத்தி, ஓரத்தில் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு. அடுத்த வரி எதுவும் இருக்காது. எப்படி இருக்கிறாய் என்று இருக்காது. ஒரு தடவை காய்ச்சலில் படுத்துக்கொண்டு எழுதியதற்கு நாலு மார்க். அம்மா சாகக் கிடந்தபோதுகூட "ரெண்டு நாளா வேஷம் போடுதா" என்றார். மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள், அவர் சட்டையை மாட்டிக்கொண்டு சவப்பெட்டிக்கு அளவு சொல்லப் போனார். அளவு சரியாகத்தான் சொன்னார். இந்த மனுஷருக்குத்தான் போன டிசம்பரில் புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று சொன்னார்கள். வேறு எங்கேயும் வந்திருக்கக் கூடாதா? நுரையீரலில், கல்லீரலில், மரியாதையான எத்தனை இடம் இருக்கிறது. அந்தச் சின்ன டாக்டர் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "எலும்புக்குப் பரவிருக்கு. ஆண் ஹார்மோனை நிறுத்தணும். ஒண்ணு விதையை எடுத்துடலாம், இல்லன்னா பெண் ஹார்மோன் மாத்திரை. நீங்களே எடுத்துச் சொல்லிடுங்களேன் மேடம், உங்க லைன்தானே" என்றான். அவள் லைன்தான். எலி ஒன்றுக்கு நாலு நிமிஷம், மயக்குவதற்கு ஈதர் பஞ்சு, ஒரு கீறல், இரண்டு முடிச்சு. ஐந்து வருஷத்தில் எண்ணூறு எலிக்காவது செய்திருப்பாள். அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்து, "நீ எலிக்குச் செய்யுதியே, அதையாளா?" என்றார். மாத்திரையே போதும் என்றும் சொன்னார். ஒரு நாளைக்கு மூன்று.

நானூற்றிருபது. வெறும் மூன்றும் முடிந்தது. இனிமேல்தான்.

நாலாவது குப்பி இறங்கியது. ஐந்து நிமிஷம். வேறு எதையாவது நினை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் காக்கை. மதுரைக்கே தன்னோடு கூட்டிவந்து மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாசத்தில் அப்பாவுக்கு மார்பு லேசாக வீங்கியது, அன்றிலிருந்து வீட்டுக்குள்ளேயும் துண்டைப் போர்த்திக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில்தான் அவருடைய குரலும் இறங்கியது. ஈஸ்டருக்கு முந்தின வாரம் அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து "சாப்பிட்டியாளா?" என்று கேட்டார். யாரோ விருந்தாள் வந்திருக்கிறார்கள், அவர்களிடம் கேட்கிறார் என்று நினைத்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை. மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும். அவள் ஒவ்வொரு நாளும் "ஆச்சு" என்றாள், சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் ஆச்சு. ஏனென்றால் அவளுக்குத் தெரியும் இது யார் என்று. இது மாத்திரை. விதையெடுத்த எலியும் இப்படித்தான், கடிக்காது, கையில் எடுத்தால் சும்மா சுருண்டு கிடக்கும். அம்மாவுக்குக் கிடைக்காத அப்பா ஒரு மில்லிகிராம் மாத்திரையில் அவளுக்குக் கிடைத்தார் என்றால் அதை எப்படி வாங்கிக்கொள்வது? அம்மாவுக்கு ஒரு நாளாவது இந்த மாத்திரையை இவருக்குச் சோற்றில் பிசைந்து கொடுக்கத் தெரிந்திருந்தால். சே, என்ன நினைப்பு இது.

கடகட. ஆயிரத்து நூற்றிருபத்தொன்று.

காகிதத்தைப் பிடித்து இழுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். குப்பி நான்கு. ஹார்மோன் இல்லாதது. ஆல்கஹால் ஒரு துளி. ஆயிரத்து நூற்றிருபத்தொன்று. ஒருவேளை குப்பியை மாற்றி வைத்துவிட்டேனோ, ஏழாவதை நாலாவது இடத்தில்? மாற்றவில்லை, காலையில் மூன்று தடவை சரிபார்த்தாள், மூடியில் சிவப்புப் பேனாவால் எழுதியது அவளேதான். இந்தச் சிவப்பு மை எங்கே போனாலும் விடாது. அப்படியானால் கருக்களை எழுப்பியது ஹார்மோன் இல்லை. ஆல்கஹால் பட்டுக் கருவின் சவ்வு ஓட்டை விட்டிருக்கிறது, கதிரியக்கம் உள்ளே பாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எண்ணூறு எலி. ஒவ்வொரு எலியும் அவள் கையில் சூடாக இருந்தது. அடையாளத்துக்குத் தலையில் மஞ்சள் மை வைத்தது, வாலில் மஞ்சள் மை வைத்தது. எதற்காகடி செத்தோம் என்று அவை கேட்டால் ஒரு சொல்லுக்காக என்றுதான் சொல்ல வேண்டும். ஆயிரத்து நூற்று முப்பத்தாறு. ஐந்தாவதும் விழுந்தது. அழுகை வரும் என்று நினைத்தாள், கொட்டாவி வந்தது. பசி.

கதவைத் தள்ளிக்கொண்டு நீலமேகம் சார் வந்தார், வாயில் வெற்றிலை மணம், கையில் பாஸ்போர்ட் உறை. "என்னம்மா, திங்கக்கிழமைய வச்சுக்கிட்டு இங்க என்ன உக்காந்திருக்கே?" என்று குனிந்து நாடாவைப் பார்த்தார். ஆறாவது எண் அப்போதுதான் விழுந்தது, ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டு. "பரவால்லயே, ஹார்மோன் நல்லாத்தானே வேலை செய்யுது."

"இது ஹார்மோன் இல்ல சார். வெறும். வெறும்ல ஆல்கஹால் போட்டேன்."

அவர் நிமிரவில்லை. "யாரு போடச் சொன்னா?" என்றார்.

அந்தக் கேள்வியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏன் போட்டாய் என்று கேட்கவில்லை. அதெப்படி, காட்டு, மறுபடி செய், எதுவும் இல்லை. யார் சொன்னது. ஆக இவருக்கு முன்னமே தெரியும். எப்போதிலிருந்து, முதல் வருஷத்திலிருந்தா, கட்டுரை அனுப்பிய பிறகா, அது தெரியப் போவதில்லை. சார் கெட்டவர் இல்லை. அம்மா இறந்தபோது பாளையங்கோட்டை வரைக்கும் பஸ்ஸில் வந்து பூமாலை போட்டவர். அவர் நாடாவை மெதுவாக மடித்து இயந்திரத்தின் மேல் வைத்து, அன்பாகத்தான் சொன்னார்: "ஒரு தடவை இப்படி வர்றதெல்லாம் உண்டும்மா. இதை நோட்டுல ஏத்தாதே. திங்கக்கிழமை குடுத்துடு. உங்கப்பா இருக்கும்போதே வைவா முடியட்டும், அவர் கண்ணால பாக்க வேண்டாமா? அப்புறம் நிதானமா இந்த ஆல்கஹால் விஷயத்தைத் தனியா பாப்போம்." தோளைத் தட்டாமல் தட்டுவதுபோல் கையைக் காற்றில் ஆட்டிவிட்டுப் போனார். கதவு மூடிக்கொண்டது.

உங்கப்பா இருக்கும்போதே. சரியான இடத்தில் கை வைத்தார் சார். கொடுத்துவிட்டால் என்ன? இந்த நாடாவைச் சுருட்டி எலிக் கழிவோடு எரித்தால் ஒச்சப்பனுக்குக்கூடத் தெரியாது. தங்க எழுத்தில் சூ. அமலோற்பவம் என்று இருக்கும். முன்னெழுத்து அவர்தான். மடியில் வைத்துத் தடவிப் பார்ப்பார், சீக்கிரம் போய்ச் சேருகிறவர்தானே, பொய் என்று தெரியாமலே போகட்டும். ஏழாவது குப்பி இறங்கியது. நோட்டு திறந்தே இருந்தது, பேனா கையில் இருந்தது, எழுதவில்லை. சீக்கிரம் போய்ச் சேருகிறவர். காலையிலிருந்து தள்ளித் தள்ளி வைத்தது முட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஊக்கு ஒன்று வேண்டும் என்று அப்பாவின் அலமாரியில் தேடினாள், ஜெபப் புத்தகத்துக்குப் பின்னால் பழைய சாக்பீஸ் டப்பா. திறந்தால் மாத்திரைகள். பவுடர் படிந்த வெள்ளை மாத்திரைகள். கை பழக்கத்தில் எண்ணிவிட்டது: நூற்றுப் பதினான்கு. நாளைக்கு மூன்று என்றால் முப்பத்தெட்டு நாள். ஒவ்வொரு வேளையும் "வச்சுட்டுப் போளா, போட்டுக்கிடுதேன்" என்பார். மாத்திரைக் குப்பி காலியானதும் "தீந்துபோச்சு" என்று நீட்டுவார், அவளும் வாங்கி வருவாள். பஸ்ஸில் நின்றுகொண்டு நினைத்தாள்: கிழவர் வீம்பு, மார்பு வீங்கியதில் வெட்கம், ஆம்பிளைத் திமிர் போகிற காலத்திலும் போகவில்லை. அப்படித்தான் நினைத்தாள். ஆனால் முப்பத்தெட்டு நாளைக்கு முன்னால் என்ன?

ஆயிரத்து நூற்று முப்பது. ஏழு. ஹார்மோன் இருந்தும் அதே எண்.

முப்பத்தெட்டு நாளைக்கு முன்னால் கடைசி அத்தியாயத்தை டைப்பிஸ்டிடம் கொடுத்தாள். டைப் அடித்து வந்த மற்ற அத்தியாயங்களை அன்று சாயங்காலம் அப்பா மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக்குப் பக்கம் டைப்பிஸ்டின் தப்பு. அவர் கையில் சிவப்புப் பேனா இல்லை. படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி, "ஏளா, நல்லா எழுதியிருக்கே. எனக்குப் பாதி வெளங்கல. ஆனா நல்லா இருக்கு" என்றார். கண் கலங்கியிருந்தது. அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. பத்துக்கு நாலு போட்ட கை அது. அவள் நின்ற வாக்கில் சொன்னாள்: "இது நீங்க பேசலப்பா. மாத்திரை பேசுது." அவர் தாள்களை ஓரம் தட்டி அடுக்கிக் கொடுத்தார். அன்றைக்கு ராத்திரி, வழக்கம்போல, வலிக்கிறது என்று சொல்லாமல் புரண்டு படுத்தார்.

மறுநாளிலிருந்து முப்பத்தெட்டு நாள். நூற்றுப் பதினான்கை மூன்றால் வகுத்தால் மீதி இல்லாமல் வருகிறது. கணக்கு வாத்தியார். மாத்திரையை நிறுத்திப் பார்க்கிறார். நிறுத்தியும் சாப்பிட்டியாளா என்று கேட்கிறார், நேற்றும் கேட்டார், முந்தாநாள் கேட்டார், முப்பத்தெட்டு நாளும் ஒரு நாள் விடாமல் கேட்டார். வெறும் எது என்று பெற்ற பெண்ணுக்குத் தெரியவில்லை, ஐந்து வருஷமாகத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்திருக்கிறது. தன்னையே வெறும் ஆக்கிக்கொண்டார். இடுப்பெலும்பைப் புற்று தின்னத் தின்ன, யாரிடமும் சொல்லாமல், அவள் என்றைக்காவது கண்டுபிடிப்பாள் என்றுதான் அலமாரியில் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாரா, இல்லை கண்டுபிடிக்கவே கூடாது என்றா? பாவி மனுஷா, வாயைத் திறந்து சொன்னால் என்ன? திறந்து சொன்னார். அதற்கு அவள் சொன்ன பதில் இருக்கிறதே. ஆயிரத்து நூற்றுப் பதினேழு. எட்டு. பயத்தால் வந்த கனிவாக இருக்கலாம், வயசால் வந்ததாக இருக்கலாம், சாகப் போகிறவன் எல்லாரிடமும் நல்லவன்தான் என்று இருக்கலாம். அதற்கெல்லாம் வெறும் போட்டுப் பார்க்க இனி நாள் கிடையாது. மாத்திரை இல்லை என்பது மட்டும் நிச்சயம். அவ்வளவு நிச்சயத்துக்கு அவர் கொடுத்தது முப்பத்தெட்டு நாள் வலி. இவள் மூன்று குப்பியின் நாடாவைச் சுருட்டி எரிக்க யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

பேனாவைத் திறந்தாள். சிவப்புதான் இருந்தது, அதனாலேயே எழுதினாள். குப்பி நான்கு, ஐந்து, ஆறு. வெறும், ஆல்கஹாலோடு. ஆயிரத்து நூற்றிருபத்தொன்று, ஆயிரத்து நூற்று முப்பத்தாறு, ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டு. கீழே ஏழு, எட்டு. கீழே, இதுவரை எடுத்த எல்லா வெறும் குழாய்களிலும் ஆல்கஹால் விடவில்லை, தவறு என்னுடையது, என்று எழுதித் தேதி போட்டாள். கையெழுத்தும் போட்டாள். ஒன்பதாவது எண் விழுந்தது, ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு, அதையும் ஏற்றினாள். பைண்டிங் கடையில் போய் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சார் ஒரு வாரம் பேச மாட்டார், பிறகு பேசுவார், அது இன்னும் மோசமாக இருக்கும். டாக்டரம்மா என்று இப்போதே கூப்பிடுகிற ஒச்சப்பனிடம் என்ன சொல்வது? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அப்பா பழைய குரலில் வெறும்பய என்று கத்தினால் தேவலை. இன்றைக்கு அந்தச் சொல் அவளுக்குச் சரியாகப் பொருந்தும், நிம்மதியாக வாங்கிக்கொள்வாள். கத்த மாட்டார். அதுதான் பயமாக இருக்கிறது.

இயந்திரத்தை அணைத்தாள். மணி மூன்றே கால். பையில் சோற்று டப்பா கனத்தது. மூன்றரை பஸ்ஸைப் பிடித்தால் நாலரைக்கு வீடு. துண்டைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருப்பார், செருப்புச் சத்தம் கேட்டதும் கேட்பார். இல்லப்பா என்று சொல்ல வேண்டும். இன்னும் சாப்பிடலப்பா, பசிக்குது. முதலில் அதைச் சொல்ல வேண்டும். பிறகுதான் மாத்திரை.